பெட்டிப் படத்தில் இருந்தபடியே

நான் பல்செட் செய்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சேனாதிபதி.

பொம்மைக் கடைக்கு மேலே இருக்கும் கூடத்தில் எங்கள் போர் மன்றம் கூடும். கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் சிப்பாய்களை வாங்கி, ஒட்டி, வண்ணம் தீட்டி, மேஜைமேல் நிறுத்திப் பகடை உருட்டிச் சண்டை போடுவோம். கடைக்காரர்தான் மன்றத் தலைவர். அவர் புதுப் பெட்டி இறக்கினால் விழுந்தடித்து வாங்குவோம். பெட்டிப் படத்தில் நீலச் சட்டை, தங்கத் தோள்பட்டை என்றால் எங்கள் எல்லாருடைய சிப்பாய்களுக்கும் அதேதான். எவனாவது பச்சை அடித்துவிட்டால் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு போய்ப் பார்ப்போம்.

வீட்டில் ஓர் அறை முழுக்கப் பிரிக்காத பெட்டிகள். என் மனைவி தையல் மிஷினைச் சமையலறையில் வைத்துக்கொண்டு, எண்ணெயும் துணியுமாக அல்லாடினாள். ஒருநாள் பொறுமை போய்விட்டது.

"ஏங்க, இந்த ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன்கூடத்தானே சண்டை? ஜெயிச்சா ரூம் உங்களுக்கு. தோத்தா என் மிஷினுக்கு."

"உங்க அண்ணன்னு பாக்க மாட்டேன், தவிடுபொடிதான்!" என்றேன்.

கிளம்பும் நேரத்தில் பார்த்தால், என் படையைக் குப்புறப் போட்டு ஒவ்வொருவன் காலடியிலும் சிவப்பு நகப்பூச்சால் புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"அண்ணனும் இதே பெட்டிதானே வாங்கியிருக்கான்? கலந்துடும்ங்க."

"என் ஆளுங்களை எனக்குத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தேன். துடைக்க நேரமில்லை.

அட்டைப் பாலத்தின்மேல் இரண்டு படைகளும் கைகலந்தன. மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு: கொன்றவன்தான் செத்தவனை எடுத்துத் தட்டில் போடவேண்டும். பகடை அன்று நான் சொன்னபடி கேட்டது. கொன்றேன், எடுத்தேன், போட்டேன். தலைகால் புரியவில்லை. மச்சான் பிஸ்கட் தின்றபடி பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கடைக்காரர் தட்டைக் கவிழ்த்தார். எங்கே பார்த்தாலும் சிவப்புப் புள்ளி! நான் கொன்று குவித்ததெல்லாம் என் ஆட்களையே.

"பாதியிலேயே தெரிஞ்சுது மச்சான். நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க, கெடுக்க மனசு வரலை" என்றார் அவள் அண்ணன்.

அறை போயிற்று. பெட்டிகளோடு என் வண்ணப் புட்டிகளும் பரணில் எங்கோ புதைந்துபோயின. மனைவி பாட்டுப் பாடிக்கொண்டே தைத்தாள். அவளிடம் கெஞ்சிக் கூத்தாடி, இரண்டு வாரம் கழித்து அதே பந்தயத்தோடு இன்னொரு சண்டை என்று சம்மதம் வாங்கினேன். அன்றே ஆத்திரத்தில் அவளுடைய நகப்பூச்சை எடுத்துப் படை முழுக்கத் தலை முதல் கால்வரை சிவப்பாக அடித்தேன். எந்தப் படத்தையும் பார்க்காமல் தீட்டுவது அதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது.

அடுத்த ஞாயிறு சும்மா காட்டுவதற்காகக் கொண்டுபோனேன். மன்றமே மேஜையைச் சுற்றி மொய்த்தது. கடைக்காரர் மட்டும் மெதுவாக, "இது எந்தக் கம்பெனி கலர்?" என்றார். நகப்பூச்சு என்று உளறிவிட்டேன்.

சண்டை நாளன்று படியேறினால் கூடம் முழுக்கச் சிவப்பு! கடைக்காரர் நகப்பூச்சைச் சின்னப் புட்டியில் ஊற்றி, 'போர்க்குருதி' என்று பெயர் ஒட்டி, இரட்டை விலைக்கு விற்றுத் தீர்த்திருந்தார். மச்சான் தன் படையைப் பெருமையோடு அடுக்கினார்.

"எப்படி மச்சான்? உங்களுது மாதிரியே இருக்கா?"

அறை இந்த முறையும் போச்சு என்றே நினைத்தேன். என் தளபதியைக் கவிழ்த்துப் பார்த்தேன். காலடியில் பளிச்சென்று மஞ்சள் புள்ளி. அடுத்தவனுக்கும் மஞ்சள். அவள் எப்போது வைத்தாளோ! கண் கலங்கிவிட்டது. அன்று ஒவ்வொருவனையும் குப்புறத் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் கொன்றேன்.

ஜெயித்த கையோடு வீட்டுக்கு ஓடினேன். அவள் மிஷினை நிறுத்தாமலே, "ஜெயிச்சாச்சா? ரூமைக் காலி பண்ணணுமா?" என்றாள்.

"ரூம் கிடக்கட்டும். அந்த மஞ்சள் பாட்டில் எங்கே?"

"தரேன். ஆனா கடைக்காரர்கிட்ட மூச்சு விடக் கூடாது" என்றாள்.