நான்காம் முறை இழுத்த கயிறு

வெள்ளைக்காரன் காலத்துக் கிராமத் தலைவனாக நடிக்க, ஊரின் இப்போதைய தலைவர் விராடியே போதும் என்று ஹாலந்துப் படக்குழு முடிவு செய்தது. கறுப்புச் சட்டையை மாட்டிவிட்டார்கள்.

"உங்களுக்கு வேஷமே தேவையில்லையே, ஐயா," என்றான் மொழிபெயர்ப்பாளன் யுசுப். கூட்டம் சிரித்தது.

காட்சி சின்னது. ஏழை விவசாயியிடமிருந்து எருமையைப் பிடுங்கிக்கொண்டு போக வேண்டும். விவசாயியாக நடித்தவன் சர்கிம். எருமையும் அவனுடையதுதான். படத்துக்கு ஐந்து எருமை வேண்டும் என்று மாவட்ட அதிகாரி சொன்னதும், நான்கு நாட்களுக்கு முன் விராடி ஆளனுப்பி ஓட்டிவரச் செய்திருந்தார். யாரையும் கேட்கவில்லை. உழவு நேரம்.

முதல் தடவை சர்கிம் கேமராவைப் பார்த்துவிட்டான். இரண்டாம் தடவை எருமை சாணி போட்டது. மூன்றாம் தடவை அவன் எருமையின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"ஐயா, இன்னிக்குச் சாயங்காலத்தோட என் தண்ணி முறை முடியுது. இப்ப உழலேன்னா இந்த வருசம் நெல்லு இல்ல. ரெண்டு தடவ வீட்டுக்கு வந்தேன். தூங்குறீங்கன்னாங்க."

வசனத்தில் இது இல்லை. கூட்டத்தில் சிரிப்பு நின்றது. விராடி அந்த இரண்டு தடவையும் தூங்கவில்லை. அப்படிச் சொல்லச் சொன்னவரே அவர்தான். கயிறு கையில் தளர்ந்தது. தரையைப் பார்த்தார்.

"கட்!"

ஒரு சொல்லும் புரியாத இயக்குநர் பூரித்துப்போயிருந்தார். அவர் நீளமாகப் பேசியதை யுசுப் சுருக்கினான்: "சர்கிம் பிரமாதமாம். உங்க முகந்தான் சரியில்லையாம், ஐயா. எதுக்கு வெட்கப்படுறீங்கன்னு கேக்குறார். அந்தக் காலத்து ஆளுங்களுக்கு அதெல்லாம் கெடையாதாம்."

இந்த எருமை வேண்டாம், வேறு கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். தொண்டைவரை வந்தது. குடை நிழலில் மாவட்ட அதிகாரி வறுத்த வாழைப்பழம் தின்றுகொண்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, இன்னொரு தடவ எடுங்க," என்றார் விராடி.

நான்காம் தடவை மோவாயை உயர்த்திக்கொண்டு இழுத்தார். சர்கிம் எருமையின் கழுத்திலிருந்து கையைத் தானாகவே எடுத்துவிட்டான்.

இயக்குநர் கைதட்டினார். கேமரா நின்றது. "போதும் ஐயா, முடிஞ்சிருச்சு!" என்று யுசுப் கத்தினான்.

விராடி நிற்கவில்லை. நின்றால் திரும்ப வேண்டும், திரும்பினால் சர்கிம் இருப்பான். எருமையை இழுத்துக்கொண்டு நடந்துகொண்டே இருந்தார்.