செவலையின் முதல் பால்

1

இந்தக் கதை ஒரு வயிற்றெரிச்சலில் பிறந்தது. செங்கம் ரோட்டுச் சந்தில் பால் வாங்கப் போனேன். மாட்டுக்காரி திரௌபதி ஒரு வாளிப் பாலைக் குழியில் கொட்டிக்கொண்டிருந்தாள். "இன்னிக்குப் பால் கெடையாது சார்" என்றாள், சிரித்துக்கொண்டே.

அன்றே எழுத உட்கார்ந்தேன். 'மலையின் மேல் பொன்னிற விடியல் மெல்ல...' (அடித்துவிட்டேன். மலை எங்கேயும் ஓடிவிடாது. மாட்டைப் பார்ப்போம்.)

2

திரௌபதியின் ஒரே மாடு செவலை. அதற்கு மடிநோய் வந்து பால் ரத்தமாய் இறங்கியது. மாடு நல்லானால் முதல் பால் உனக்குத்தான் என்று தெருக்கோடி அம்மனிடம் வேண்டிக்கொண்டாள். கையோடு கால்நடை டாக்டர் கவிநிலாவையும் கூப்பிட்டாள். (யாரால் குணமானது என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு இரண்டு பேரும் வேண்டும்.)

ஊசி வேலை செய்தது. பால் வெள்ளையாய் இறங்கியதும் திரௌபதிக்குத் தலைகால் புரியவில்லை. செம்பு நிறையக் கறந்துகொண்டு கோயிலுக்குக் கிளம்பினாள். எதிரே வந்த டாக்டர் மறித்தார்.

"ஊசி மருந்து இன்னும் பால்ல இருக்குதுக்கா. காய்ச்சினாலும் போவாது. நான் சொல்ற வரைக்கும் யாரும் குடிக்கக் கூடாது."

"சாமிக்குத்தானே டாக்டரம்மா?"

சாமிக்குத்தான். ஆனால் அந்தக் கோயிலில் அபிஷேகப் பாலைப் பிடித்துத் தெருப் பிள்ளைகளுக்கு ஊற்றுவார்கள்.*

(* மருந்து இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாய் உள்ளே போனால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும். பிள்ளை நிஜமாகவே நோயில் விழும்போது அந்த மருந்து கேட்காது.)

3

இங்கே நானும் மாட்டிக்கொண்டேன். பாலைக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு ஆகாது. கொடுக்காவிட்டால் செவலைக்கு நோய் திரும்பிவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

முடிவு ஒன்று: திரௌபதி கண்ணீரோடு... (அழுகிற ஆளா அவள்?)

முடிவு இரண்டு: பூசாரி அப்பாசாமி வெகுண்டு... (அவருக்குக் கோபமே வராது.)

திரௌபதி எனக்காகக் காத்திருக்கவில்லை. நேரே போய் அம்மன் முன்னால் நின்று நியாயம் பேசினாள்.

"மாடு நல்லானா மொதப் பால்னுதானே சொன்னேன்? மருந்து இன்னும் ஒடம்புல இருக்குதுன்னா அது இன்னும் நல்லாவலன்னுதானே அர்த்தம்? கொஞ்சம் பொறுத்துக்க தாயே."

அப்பாசாமி சிரித்தபடி குங்குமம் கொடுத்து அனுப்பினார். அந்தச் செம்புப் பால் முதல் அதற்கப்புறம் கறந்தது வரை எல்லாம் குழிக்குப் போனது. நான் பார்த்த வாளியும் அதில் ஒன்று.

4

இன்று டாக்டர் சரி என்றுவிட்டார். செவலை மாலையும் கழுத்துமாகக் கோயில் வாசலில் நின்று, மாலையையே தின்கிறது. அம்மன் மேல் பால் வழிகிறது. பிள்ளைகள் டம்ளரோடு முண்டியடிக்கிறார்கள். டாக்டரும் நிற்கிறார். நானும் நிற்கிறேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

முதல் டம்ளர் யாருக்கு என்று அப்பாசாமி திரௌபதியைக் கேட்கிறார். அவள் கூட்டத்தைப் பார்க்கிறாள்.

பேனாவைப் பிடியுங்கள், மீதியை நீங்கள் எழுதுங்கள். டம்ளர் பிடிக்க எனக்குக் கை வேண்டும்.