வெர்லீனை யார் கேட்பது

அமெரிக்காவின் மேக்கன் நகரத்து மகளிர் மையத்தில் வெர்லீன் பெட்டஸுக்கு வேலையே அடுத்தவருக்குத் தெம்பு சொல்வதுதான். எச்.ஐ.வி. உள்ள பெண்களைக் காலையில் ஒவ்வொருத்தியாகப் போனில் கூப்பிடுவாள். தூங்கினாயா, சாப்பிட்டாயா, அழுகை வந்ததா என்றெல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில்தான் மாத்திரைக்கு வருவாள். அவளுக்கும் அதே நோய் என்பதால் அவள் பேச்சை யாரும் தட்டமாட்டார்கள்.

வசந்தத்தில் அவளுடைய தோழி ரூபிநெல் இறந்துபோனாள். வீட்டுக்குத் தெரியாமல் நோயை மறைத்து, மாத்திரையை ஒளித்துவைக்க வழியில்லாமல் அதையே விட்டவள். நிமோனியா என்று குடும்பம் சொல்லிக்கொண்டது. சர்ச்சில் நடந்த இறுதிச் சடங்கில் வெர்லீன் குரல் நடுங்காமல் பாடினாள். வீட்டுக்கு வந்தவள் தன் மாத்திரை டப்பாவை அலமாரியில் தள்ளிவைத்தாள். நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாள் கை அதன் பக்கம் போகவில்லை. அப்புறமும் போகவில்லை. ஆனால் மற்றவர்களைக் கூப்பிடுவதை மட்டும் ஒருநாளும் விடவில்லை.

கண்டுபிடித்தது அவள் தினமும் கூப்பிடும் பெண்களில் ஒருத்தியான ஷோன்ட்ரா மாப்ரி. சரக்குக் கிடங்கில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவள், வாய்த்துடுக்கு அதிகம். ஒருகாலத்தில் வெர்லீனின் போனை எடுக்காமல் அலைக்கழித்தவள்.

"நீங்க இப்பல்லாம் என்னைத் திட்டறதே இல்ல மிஸ் வெர்லீன். உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லடி. வெயில்."

"ஜார்ஜியாவுல என்னைக்கு வெயில் இல்ல? தினம் எங்களக் கேக்குறீங்க. உங்கள யாரு கேக்குறா?"

வெர்லீன் போனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை ஷோன்ட்ரா சொல்லாமல் வெர்லீன் வீட்டில் வந்து நின்றாள். கையில் சூடான கிரிட்ஸ் சோளக்கஞ்சியும் மீன் வடையும். திரைச்சீலைகள் மூடிக்கிடந்தன, பாத்திரங்கள் குவிந்திருந்தன. அவள் ஒன்றும் கேட்காமல் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். வெர்லீன் நாலு வாய் சாப்பிட்டாள். பிறகு ஷோன்ட்ராவின் முதுகைப் பார்த்தபடியே சொன்னாள்:

"நான் நிறுத்திட்டேன். ரூபிநெல் போனதுலேருந்து."

ஷோன்ட்ரா கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். "புத்தி சொல்லமாட்டேன். நீங்க எனக்குச் சொன்னதத்தான் திருப்பிச் சொல்லணும்."

"அப்ப என்ன பண்ணப்போற?"

"திங்கக்கிழமை வண்டிய எடுக்கப்போறேன். டாக்டர்கிட்ட போறோம். வேணும்னா வழியெல்லாம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குங்க."

அப்படியே தூக்கி வைத்துக்கொண்டுதான் போனாள். டாக்டர் கடிந்துகொள்ளவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்து மாத்திரையை மறுபடி தொடங்கி, மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். அந்தம்மாவும் வெர்லீனைப் போலவே கறுப்பினப் பெண்தான். வெர்லீன் தான் எவ்வளவு உறுதியானவள் என்று விளக்கிக்கொண்டே போக, அவர் ரூபிநெல் எப்படிச் சிரிப்பாள் என்று கேட்டார். சாவு வீட்டில் வராத அழுகை அங்கே வந்தது.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. எழுந்திருக்கவே பிடிக்காத காலைகள் இருந்தன. அப்போதெல்லாம் கிடங்கிலிருந்து ஷோன்ட்ரா வீடியோவில் வருவாள். இருவரும் முகம் பார்த்தபடி அவரவர் மாத்திரையை விழுங்குவார்கள். சிலநாள் வெர்லீன் அவளைத் திட்டிக்கொண்டே விழுங்கினாள். ஷோன்ட்ராவுக்கு அதில் பரம திருப்தி.

மையத்தில் சொல்வதுதான் மலையாக இருந்தது. வேலை போய்விடும் என்ற பயம். ஆனாலும் கூட்டத்தில் எழுந்து நின்று, உங்களையெல்லாம் கேட்டுக்கொண்டே நான் நிறுத்தியிருந்தேன் என்று சொல்லிவிட்டாள். பின்வரிசையில் டொரத்தியா என்றொரு பெண். வருவாள், கேக் தின்பாள், போவாள். அவள் குரலை யாரும் கேட்டதில்லை.

"நானும்தான்" என்றாள் டொரத்தியா. "ஈஸ்டர்லேருந்து."

இன்னொருத்தியும் கை தூக்கினாள். மையத்தலைவி வெர்லீனை வேலையைவிட்டு அனுப்பவில்லை. தெம்பு சொல்கிறவர்களைக் கூப்பிட்டு விசாரிக்கவும் ஒருத்தி வேண்டும் என்று அன்றே முடிவானது. ஆலோசகரும் வாராவாரம் மையத்துக்கே வரத் தொடங்கினார்.

அக்டோபரில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கிருமி சோதனைக்கே அகப்படாத அளவுக்கு ஒடுங்கிப்போயிருந்தது. வெர்லீன் ஆஸ்பத்திரி நடையிலிருந்தே ஷோன்ட்ராவைக் கூப்பிட்டாள். சந்தோஷத்தில் ஃபோர்க்லிஃப்டில் அவள் அடித்த ஹாரனில் மேற்பார்வையாளர் ஏதோ விபத்து என்று ஓடிவந்தாராம்.

அன்று சாயங்காலம் மையத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் பாட்டை அலறவிட்டுப் பெண்கள் வரிசைகட்டி ஆடினார்கள். டொரத்தியா தப்பும் தவறுமாக, எல்லாரையும் இடித்துக்கொண்டு ஆடினாள். வெர்லீன் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு முன்வரிசைக்குப் போனாள்.