ஏழாவது ஜோடி

அந்த வாடகை ஃப்ளாட்டில் எல்லாமே ஆறுதான். ஆறு தட்டு, ஆறு டம்ளர், ஆறு துண்டு. ஊருக்கு வெளியே, ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரே மாதிரி நிற்கிற கட்டடங்களில் ஒன்றின் மூன்றாவது மாடி. விடுமுறைக்கு அங்கே வந்து இறங்கியவர்களோ ஏழு பேர். தம்பி, அவன் மனைவி, அவளைப் பெற்ற இருவர், அவள் தங்கை, தங்கை புருஷன் என்று ஆறு பேரும் டம்ளர்களை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மிஞ்சியவள் அக்கா. பால் காய்ச்சிய பாத்திரத்திலேயே காபி குடித்தாள். அதற்கெல்லாம் முகம் சுளிக்கிற ஆள் இல்லை.

அவள் வந்த காரியம் வேறு. பல் டாக்டர் ஒருவரின் கிளினிக் முன்னறையில் இத்தனை வருஷமாக இருந்துகொண்டு, வருகிறவர்களை எல்லாம் "உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்று சொன்னவள். டாக்டர் போன மாதம் கிளினிக்கை இழுத்து மூடிவிட்டார். தம்பியோ ஃபோனில் வாய் நிறையச் சொல்லியிருந்தான்: "எங்க வீட்டுப் பின்ரூம் சும்மாதானே கிடக்கு, வந்துடுக்கா. மொதல்ல எங்களோட லீவுக்கு வா. எல்லாரும் இருக்கும்போதே பேசி முடிச்சுடலாம்." அதை நம்பி, தான் தனியாக இருந்த வாடகை அறையைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டாள். வந்ததிலிருந்து அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. இப்போது உட்கார்ந்து காத்திருப்பது அவள் முறை.

உட்கார்ந்தா இருந்தாள்? எங்கே! "அண்ணி கைப்பக்குவம் யாருக்கு வரும்" என்று தம்பி மனைவி முதல் வேளையே ஐஸ் வைத்து, கரண்டியை அவள் கையில் திணித்துவிட்டாள். மற்றவர்கள் ரயில் ஏறி நகரத்தைச் சுற்றிப் பார்த்தார்கள், பசியோடு திரும்பி வந்தார்கள்.

அன்று மத்தியானம் அழைப்புமணி அடித்தது. வீட்டுக்காரரின் தங்கை, கையில் பெரிய சாவிக்கொத்தோடு நின்றாள்.

"வாசல்ல ஏழு ஜோடி செருப்பு கெடக்கு. ஆறு பேருக்குத்தான் வீடு. ஒரு ஆள் கூடினாலும் எல்லாரும் காலி பண்ணணும், சொல்லித்தானே குடுத்தோம்?"

டிவி சத்தத்தை யாரோ குறைத்தார்கள். மாமனார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.  தம்பி, சமையலறை வாசலில் கரண்டியும் கையுமாக நின்ற அக்காவை ஒரு தரம் பார்த்தான்.

"நாங்க ஆறு பேர்தாங்க. அவங்க சமையலுக்கு வந்தவங்க. சாயங்காலம் போயிடுவாங்க."

அக்காவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "சே, என்ன பேச்சு இது" என்று யாராவது சொல்வார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தம்பி மனைவிதான் வாயைத் திறந்தாள். "ஆமாங்க, நல்லா சமைப்பாங்க" என்றாள்.

சாவிக்காரம்மா நம்பிவிட்டாள். "வாசனை கீழ வரைக்கும் வருது" என்று அக்காவிடம் சிரித்துவிட்டு, குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்கக் குளியலறைக்குள் போனாள்.

தம்பி சமையலறைக்கு ஓடி வந்தான். "கோச்சுக்காதக்கா. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். பொட்டி படுக்கையோட இவங்களையெல்லாம் எங்க கூட்டிட்டுப் போறது?"

அக்கா அடுப்பை அணைத்தாள். "சரிடா. நாளைக்கு உன் பின்ரூமுக்கு வந்துட்டேன்னு வையி. இவங்க யாருன்னு கேக்கறவங்களுக்கு என்ன சொல்லுவ?"

"அங்க யாருக்கா வந்து கேக்கப் போறா?" என்றான், சமாதானம் சொல்கிற குரலில்.

அவ்வளவுதான்.  என் அக்கான்னு சொல்லுவேன் என்று, பொய்க்காவது, ஒரு வார்த்தை வரவில்லையே! வேலை போச்சு, அறையும் போகப் போகிறது, அடுத்து எங்கே என்று தெரியாது. ஆனாலும் அந்தப் பின்ரூமில் அவள் கால் வைக்கப் போவதில்லை. கையைக் கழுவினாள். சோபாவுக்குப் பின்னால் கிடந்த தன் பையை எடுத்தாள்.

"என்ன அண்ணி, நிஜமாவே போகணும்னு யார் சொன்னா?" என்று தம்பி மனைவி கிசுகிசுத்தாள்.

"சமையல் முடிஞ்சுதும்மா. ஆறு பேருக்குச் சரியா இருக்கும்."

சாவிக்காரம்மா குளியலறையிலிருந்து வெளியே வந்தாள். அக்கா வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். தம்பி "அக்..." என்று ஆரம்பித்தவன், சாவிக்காரம்மாவைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

அக்கா நிமிர்ந்தாள். "நீங்களே வந்து எண்ணிக்குங்கம்மா" என்றாள். "இப்ப ஆறு ஜோடிதான் இருக்கு."