பசை மாவு

மூட்டையின் வாய்த்தையலை ஒரே இழுப்பில் உருவி, கலவைத் தொட்டியின் விளிம்பில் சாய்த்துப் பிடித்தாள் சொர்ணலதா. இருபத்தைந்து கிலோ சோயா மாவு சரசரவென்று இறங்கியது. இறங்காத கொஞ்சம் மேலே எழும்பி அவள் முகத்தைச் சுற்றி நின்றது. தொட்டிக்குள் துடுப்பு சுழன்று, மாவும் தண்ணீரும் சேர்ந்து அவித்த பயறு வாசனை வந்தது. அடுத்த மூட்டைக்குக் குனிந்தபோது நெஞ்சுக்குள் அந்த விசில் கேட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதே கால். போன வாரமெல்லாம் பத்தரைக்கு மேல்தான் வந்துகொண்டிருந்தது.

மைசூரின் கூர்கள்ளிப் பக்கம் இருந்த அந்த பிளைவுட் கம்பெனியில் அவள் சேர்ந்து மூன்று வருஷம். முன்பு மரத்தகடுகளை ஒட்ட ஒரு கெமிக்கல் பசை வரும். கண் எரியும், மூக்கு ஒழுகும். பிறகு சோயா மாவில் பசை செய்ய ஆரம்பித்தார்கள். வாசனையே இல்லாத பலகை என்று வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிறார்களாம். கண் எரியாத வேலையாயிற்றே என்று சொர்ணலதாதான் தானாகப் போய்க் கலவைப் பிரிவைக் கேட்டு வாங்கினாள். எட்டு மாதம் ஒன்றுமில்லை. ஒன்பதாவது மாதம் இருமல் வந்தது. இப்போது மாடிப்படி பாதியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொள்கிறாள்.

தொழிலாளர்களுக்கான இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் நர்ஸ் சில்வியாவுக்குத் தமிழ் வீட்டுமொழி. போன மாதமே அவள் ஒரு சின்னக் குழாயைக் கொடுத்து ஊதச் சொல்லியிருந்தாள். ஊதினால் ஒரு முள் நகரும். எந்த எண்ணில் நிற்கிறதோ அதைக் காலையும் மாலையும் நோட்டில் எழுத வேண்டும். மூன்று வாரம் விடாமல் எழுதிய நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினாள்.

டாக்டர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிட்டு சில்வியாவிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார்.

"ஞாயித்துக்கிழம முன்னூத்து நாப்பது ஊதுறீங்க. திங்கக்கிழம சாயங்காலம் இருநூத்திப் பத்து. பாருங்க, எல்லா வாரமும் அப்படியே" என்றாள் சில்வியா. "அந்த மாவுதாங்க உங்களுக்கு ஒத்துக்கல."

"அது கெமிக்கல் இல்லீங்களே சிஸ்டர். வெறும் சோயா மாவுங்க."

"மாவுத்தூசியே போதுமாம். இப்படியே போனா நுரையீரல் திரும்ப சரியாகாதுன்றார். நீங்க எந்த செக்‌ஷன்ல, எத்தன நாளா இருக்கீங்கன்னு கம்பெனில ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. வேலையால வந்த சீக்குன்னு எழுதிட்டா வைத்தியமும் கிடைக்கும், லீவுக்குச் சம்பளமும் கிடைக்கும்."

மறுநாள் காலையில் சூப்பர்வைசர் அருண்ராஜின் கண்ணாடி அறைக்கு வெளியே முக்கால் மணி நேரம் நின்றாள். என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்தாள். உள்ளே போனதும் எல்லாம் மறந்து நோட்டை நீட்டினாள்.

அருண்ராஜ் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய், பிரித்த மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகை மாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"நோடி, பாருங்க அக்கா, இது திங்கிற மாவு. இதத் தின்னு யாருக்காவது சீக்கு வருமா?"

"திங்கறதுனால இல்லீங் சார். மூச்சுல போறதுனாலன்னு டாக்டர் சொன்னாருங்க. ஒரு லெட்டர் குடுத்தீங்கன்னா..."

அவன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். குரல் இறங்கியது. "லெட்டர் குடுத்தா ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருவான். பலகை வாங்கற வெளிநாட்டு பையர் வந்து பார்க்கிற மாசம் இது. ஆர்டர் போச்சுன்னா நூத்தி முப்பது பேர் வீட்டுக்குப் போகணும், நானும் சேர்த்து. உங்களுக்கு என்ன வேணும்? தூசி இல்லாத இடம்தானே? பேக்கிங்ல போடுறேன். நாளைக்கே."

"நெசமாவாங்க சார்?"

"ஒரே ஒரு பேப்பர். மொதல்லேர்ந்தே பேக்கிங்லதான் இருந்தீங்கன்னு. அஷ்டே, அவ்வளவுதான். யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க. இல்லாட்டி உங்க கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது, பார்த்துக்கங்க."

வீட்டில் அவள் புருஷன் பசவராஜ் லோடு ஆட்டோவின் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். அவள் சொல்லி முடிக்கும்வரை கையில் ஸ்பேனரோடு கேட்டான்.

"கையெழுத்தப் போட்டுக் குடுத்துட்டு பேக்கிங்குக்குப் போயிரு. தூசில இருந்து தப்பிச்சா அது போதாதா?"

"நாளைக்கு ரொம்ப முடியாமப் போச்சுன்னா? எந்த மூஞ்சிய வெச்சிட்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போறது? மாவுப் பக்கம் வேலையே செய்யலன்னு நானே எழுதிக் குடுத்திருப்பேனே."

உள்ளே மகள் தமிழ்ப்ரியா பி.யூ.சி. பரீட்சைக்குச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். பசவராஜ் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் சக்கரத்தின்மேல் குனிந்தான்.

மறுநாள் கண்ணாடி அறையில் நீட்டிய காகிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அருண்ராஜ் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டாள். "அந்த நோட்டும் இங்கயே இருக்கட்டும்" என்றான். கொடுத்தாள். மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினான்.

பேக்கிங்கில் முதல் வாரம் முடிவதற்குள் விசில் அடங்கிவிட்டது. பலகைகளை அடுக்கிப் பிளாஸ்டிக் சுற்றி, மூலைகளில் அட்டை வைத்துக் கட்ட வேண்டும். படி ஏறும்போது நிற்கவில்லை. ஆனால் கலவைப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் கை கொஞ்சம் தாமதித்தது. அங்கே இப்போது மோகனப்ரியா என்று ஒரு பெண். இருபத்தொரு வயது. சொர்ணலதாவின் ஊரான மார்டள்ளியிலிருந்து வந்தவள். சேரும் நாளில், "எந்த மூலைல போட்டாலும் வேல செய்யறேனுங்" என்று அருண்ராஜிடம் சொன்னதை சொர்ணலதா கேட்டிருந்தாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம், கை கழுவும் குழாயடியில் அருண்ராஜ் போனில் பேசியபடி நின்றிருந்தான். மோகனப்ரியா தலைத்துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டே வந்தாள். இருமினாள். நின்று, மறுபடி இருமினாள்.

"அக்கா, நீங்க முன்னாடி இந்த மாவு வேலைலதான் இருந்தீங்கன்னு சொல்றாங்களே. உங்களுக்கும் இப்பிடி நெஞ்சப் புடிச்சுதுங்களாக்கா?"

அருண்ராஜின் பேச்சு நின்றது. போன் காதில்தான் இருந்தது.

சொர்ணலதா குழாயைத் திருகினாள். தண்ணீர் வேகமாகக் கொட்டியது.

"இல்ல கண்ணு. நான் மொதல்ல இருந்தே பேக்கிங்லதான் இருக்கறேன்."

"அப்பிடீங்களா. அப்ப எனக்குத்தான் சளி போல" என்று மோகனப்ரியா குனிந்து, இரண்டு கையிலும் தண்ணீரைப் பிடித்து முகத்தில் அறைந்தாள். மாவு போகவில்லை. புருவத்திலும் இமையிலும் நனைந்து பசையாகி, ஒரு கண் ஒட்டிக்கொண்டது. அவள் சிரித்தபடி, ஒற்றைக் கண்ணால் பார்த்து, நகத்தால் அதைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.