சிவப்பு இடக்கைப் பக்கம்

விருந்தினர் குளியலறைத் தரையை நான் தேய்த்துக்கொண்டிருந்தபோது, வெளியே துறைமுக அதிகாரி ஃபவுசி போனில் பேசுவது கேட்டது. கெரொப்போக் மீன் வறுவலை மென்றுகொண்டே பேசினார். "ஆமா, ஆமா. மிதவைங்கள இன்னிக்கே தூக்கிருவாங்க. விழாதான் முடிஞ்சிருச்சே." என் கை அப்படியே நின்றுவிட்டது. சோப்புத் தண்ணீர் காலைச் சுற்றிக்கொண்டு வடிகாலுக்குள் ஓடியது.

எங்கள் மீனவ ஊர் குவாலா பெலிம்பிங்கின் ஆற்று முகத்துக்கு வழிகாட்டும் மிதவை வேண்டும் என்று நாங்கள் கேட்காத ஆளில்லை. என் தம்பி ஹாரிஸின் படகு மணல்மேட்டில் தட்டிக் கவிழ்ந்து அவன் செத்த அன்றுகூட அதிகாரிகள் வந்து தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். பிறகு ஒருநாள், வெளிநாட்டுப் பாய்ப்படகுகளுக்கு விழா என்றார்கள். அவ்வளவுதான், எல்லாம் வந்தது. தூர்வாரும் கப்பல், மிதக்கும் படகுத்துறை, குடிதண்ணீர்க் குழாய், கரண்டு, வெந்நீர்க் குளியல், ஆற்றின் இரண்டு ஓரமும் சிவப்பும் பச்சையுமாய் மிதவைகள், "பத்திரமாக உள்ளே வாருங்கள்" என்று ஒரு பலகை. எங்கள் ஆட்கள் அந்தக் குழாயில் ஒரு குடம் பிடிக்கப் போனால் காவலாளி விரட்டுவான். நான் மட்டும் உள்ளே போகலாம், வெள்ளைக்காரர்களின் தலைமயிரை வடிகாலிலிருந்து எடுப்பதற்கு.

அதையும் பொறுத்துக்கொண்டேன். மிதவை எங்களுக்கும்தானே என்று ஒரு நினைப்பு. தூர்வாரியவர்கள் வடக்கே புது வழி வெட்டி, அள்ளிய மண்ணை எங்கள் பழைய வழியிலேயே கொட்டிவிட்டார்கள். அந்த மேடு எங்கே முடிகிறது, புது வழி எங்கே தொடங்குகிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. மிதவையைப் பார்த்துத்தான் வரவேண்டும். "சிவப்பு இடக்கைப் பக்கம், பச்ச வலக்கைப் பக்கம். இனிமே கண்ண மூடிக்கிட்டு உள்ள வரலாம், கெல்சோம்," என்று என்னிடம் சிரித்துவிட்டுத்தான் என் புருஷன் தாவூத் முந்தாநாள் கடலுக்குப் போனார். அவர் போகும் தூரத்துக்குப் போன் எடுக்காது.

ஈரக் கையோடு வெளியே வந்தேன். "துவான், நம்ம படகுங்க இன்னும் கடல்ல இருக்கு. சாயங்காலம் தண்ணி வத்துற நேரத்துல வரும்."

"அதுக்கு?"

"மிதவைய எடுத்துட்டா எப்படி உள்ள வருவாங்க?"

"இத்தன வருசம் எப்படி வந்தாங்களோ அப்படித்தான். அக்கா, அது விருந்தாளிங்களுக்காக வரவழைச்சது. விருந்தாளிங்க போயாச்சு."

"இத்தன வருசம் வந்த வழியிலதான மண்ணக் கொட்டி வச்சிருக்கீங்க!"

"மனு எழுதிக் குடுங்க. மேல அனுப்புறேன்." அடுத்த கெரொப்போக்கை எடுத்துச் சாஸில் தோய்த்தார்.

அந்தக் கிண்ணத்தை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். கவிழ்த்தால் வேலை போகும், மிதவை நிற்காது. தரை கழுவும் சிவப்பு வாளியை எடுத்துக்கொண்டு கரைக்கு நடந்தேன். எங்கள் சின்னத் தோணியைத் தள்ளி ஏறினேன்.

மிதவைகளைத் தூக்கும் தட்டைப்படகு அதற்குள் ஆற்று முகத்தை முடித்து, உள்ளே ஆறு திரும்பும் இடத்துக்கு வந்துவிட்டிருந்தது. மண் கொட்டிய மேட்டின் ஓரத்தில் கடைசிச் சிவப்பு மிதவை. "தம்பி, இது ஒண்ண மட்டும் நாளைக்கு எடுத்துக்கங்கப்பா," என்று கத்தினேன். பாரந்தூக்கியை இயக்கியவன், "எங்களுக்கு உத்தரவுக்கா," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். சங்கிலி பூராவும் சிப்பி ஒட்டியிருக்க, தண்ணீர் சொட்டச் சொட்ட அது மேலே போனது. அது கிடந்த இடத்திலேயே என் நங்கூரத்தைப் போட்டேன். துடுப்பை நட்டமாய்க் கட்டி, உச்சியில் வாளியைக் கவிழ்த்து வைத்தேன்.

கரையிலிருந்து ஒலிபெருக்கி அலறியது. "கெல்சோம்! வழியில நங்கூரம் போடுறது குத்தம்! உடனே கரைக்கு வா!"

அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். வாயில் வந்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது.

வெயில் சாயும் நேரத்தில் கடல் பக்கம் ஒரு வெள்ளைப் பாய் தெரிந்தது. விழாவுக்குப் பிந்தி வரும் படகு. ஒலிபெருக்கியின் குரலே மாறிப்போய், "கெல்சோம் அக்கா! நகராதீங்க! அப்படியே இருங்க! விருந்தாளி வருது!"

படகு என்னைச் சரியாக இடக்கைப் பக்கம் விட்டு நழுவிப் போனது. அதிலிருந்த பெண் என்னைப் படம் எடுத்தாள், கையசைத்தாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனாலும் என் கை எழவில்லை. அவர்கள் துறையில் கயிறு கட்டியதும் மறுபடி ஒலிபெருக்கி. "போதும்! கரைக்கு வா!" 'அக்கா' என்ற சொல் போய்விட்டது.

தாவூதின் எஞ்சின் சத்தம் எனக்குத் தெரியும். ஆற்று முகத்தில் எப்படியோ தட்டாமல் தப்பி, தடுமாறித் தடுமாறி வந்தவர் வாளியைப் பார்த்துப் படகைத் திருப்பினார். என்னருகே வந்து எஞ்சினைத் தணித்தார். முகம் வெளுத்திருந்தது.

"பைத்தியமா உனக்கு? மிதவையெல்லாம் எங்க?"

"தூக்கிட்டுப் போய்ட்டானுங்க. விருந்தாளி போயாச்சாம்."

அவர் துறையைப் பார்த்தார். அந்த வெள்ளைப் படகுக்குக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "சரி, ஏறு. போலாம்."

"பின்னால யாரு வர்றா?"

"லத்தீப். அவனுக்குப் பின்னால சுலோங்."

நான் எழுந்திருக்கவில்லை. அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு, என் முன்னால் ஒருநாளும் சொல்லாத ஒரு வார்த்தையைத் துறையைப் பார்த்துச் சொன்னார். படகை எதிர் ஓரத்துக்குக் கொண்டுபோய் நங்கூரத்தை விட்டார். மீன்பெட்டிகளை மூடியிருந்த பச்சைத் தார்ப்பாயை இழுத்துக் கூரையிலிருந்து தொங்கவிட்டார்.

ஒலிபெருக்கி இப்போது எங்கள் இரண்டு பேர் பெயரையும் சொல்லிக் கத்தியது. எங்களுக்கு நடுவே தண்ணீர் வேகமாக வற்றிக்கொண்டிருந்தது. தூரத்தில் லத்தீபின் படகு, மூக்கை அந்த மண்மேட்டுக்கு நேரே வைத்து வந்தது. துடுப்பின் கட்டை அவிழ்த்து, சிவப்பு வாளியோடு அதை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கினேன்.