முள் போட்டு மறைத்த பாதை

வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் ஞானதாஸ் செய்த முதல் வேலை, பாதையை மறைத்ததுதான்.

மூடிப்போன தங்கச் சுரங்கத்தை ஒட்டிய நந்திதுர்க்கில், அவர் குடியிருக்கும் தொழிலாளர் லைனுக்குப் பின்னால் சைனைடு மேடு. தங்கத்தை எடுத்துக்கொண்டு துப்பிப் போட்ட மண், மலைபோல் நிற்கிறது. காற்றுக் காலத்தில் சோற்றிலும் விழும், கண்ணிலும் விழும். அதன் அடிவாரத்தை ஒட்டி ஒரு ஒற்றையடிப் பாதை. அதில் நடந்தால் சட்டென்று ஸ்டேஷன். ரோடு வழியாகச் சுற்றிப் போனால் பெங்களூர் ரயில் போய்விடும். மகள் ரெபேக்கா அந்த ரயிலில்தான் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்வருகிறாள். வீடு ஓடுவதே அந்த வேலையால்தான்.

மேட்டின் மேல் புல்லும் மரமும் வளர்த்து, சுற்றி வேலி போடப் போவதாக நகராட்சி சொன்னது. போலந்து நாட்டில் நிலக்கரி தோண்டி மூடிய ஊர் ஒன்று இருக்கிறதாம். அந்த ஊர் நகராட்சியும் இந்த ஊர் நகராட்சியும் கூட்டாகச் செய்கிற வேலையாம். அளவெடுக்க ஆட்கள் வருவதற்கு முந்தின நாள், ஞானதாஸும் பக்கத்து வீட்டு எட்மண்டும் சீமைக்கருவேல முள்ளை வெட்டிவந்து பாதையின் இரண்டு முனையிலும் குவித்தார்கள். பார்த்தால் அடைப்பான், பார்க்காவிட்டால் எதை அடைப்பான்? ஆட்கள் வந்தார்கள், முள்ளைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். இரண்டு பேரும் முள்ளை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்கள்.

பிறகு சமுதாயக் கூடத்தில் கூட்டம்.

"போன தடவ வந்தவன் தங்கத்த எடுத்துகினு போனான். இவங்க இன்னாத்த எடுக்க வந்துகீறாங்க?" என்றார் எட்மண்ட்.

"மண்ணுதான் மிச்சம். அத்தயும் கேப்பாங்க" என்றார் ஞானதாஸ்.

சொல்லிவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். ஏமாற்றுகிறவன் மெல்லத்தான் பேசுவான் என்பது அவர் எண்ணம்.

பேச எழுந்தவள் ஹன்னா என்ற நரைத்த தலைக்காரி, அந்தப் போலந்து ஊர் நகராட்சி உறுப்பினர். வெயிலில் மூக்கு சிவந்திருந்தது. அவள் இங்கிலீஷில் பேசியதை இந்த ஊர் நகராட்சி இன்ஜினீயர் ஷைலஜா, கன்னட வாடையடிக்கும் தமிழில் எடுத்துச் சொன்னாள். பச்சைப்பசேல் என்று நாலு படம் காட்டுவார்கள் என்றுதான் ஞானதாஸ் எதிர்பார்த்தார். முதல் படத்தில் இருந்தது அறுத்துப் போட்ட கம்பிவேலி.

"இது நாங்க செஞ்ச தப்பு, அப்படின்னு சொல்றாங்க" என்றாள் ஷைலஜா.

ஞானதாஸ் நிமிர்ந்தார். தன் தப்பைச் சொல்ல ஒருத்தி கடல் தாண்டி வருவாளா? இதில் ஏதோ இருக்கிறது.

அவர்களும் கரிக்கழிவு மேட்டைப் பச்சையாக்கி வேலி போட்டார்களாம். யாரோ அறுத்தார்களாம். சரிசெய்தார்களாம். மறுபடி அறுத்தார்களாம். இப்படியே வருஷக்கணக்கில்.

"யாரு அறுத்தது?" ஞானதாஸ் எழுந்தேவிட்டார்.

"தாத்தா, கேள்வியெல்லாம் கடைசில..."

"கடைசில டீயக் குடுத்து அனுப்பிடுவீங்க. இப்பவே கேளும்மா."

கூடம் சிரித்தது. ஷைலஜா கேட்டாள். ஹன்னா தன் நெஞ்சைத் தொட்டு ஏதோ சொன்னாள். ஷைலஜாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அவங்க அப்பாவாம். மேட்டுக்கு அந்தப் பக்கம்தான் அவர் போற பிராந்திக்கடை. அப்போ வேலி ரிப்பேர் வேலை இவங்க கையில. பகல்ல இவங்க கட்டறது, இருட்டினா அவரு அறுக்கறது. சாப்பிடறது மட்டும் ஒரே மேசையில."

"ஆம்பள!" என்று எட்மண்ட் தொடையைத் தட்டினார்.

"கடைசில, ஓட்டை எங்கெங்க இருக்குன்னு பாத்து, அங்கேயே கேட் வச்சாங்களாம். அறுக்கறது நின்னுபோச்சு. அதனால வேலி போடறதுக்கு முன்னாடியே ஜனங்க நடக்கற வழியக் கேட்டுக்கோங்கன்னு சொல்றாங்க."

"அத்த நமக்குச் சொல்றதுல இவங்களுக்கு இன்னா லாபம்?"

"அவங்க ஊர்ல இப்போ வெயில் ஜாஸ்தியாம் தாத்தா. வச்ச புல்லு காயுதாம். நம்ம காஞ்ச மண்ணுல எது நிக்குதுன்னு பாத்துகிட்டுப் போகணுமாம்."

ஞானதாஸ் யோசித்தார். சும்மா கொடுக்கிறவனை அவர் நம்பியதில்லை. கொடுத்து வாங்குகிறவள் என்றால் பேசிப் பார்க்கலாம்.

ஷைலஜா வரைபடத்தை விரித்தாள். "நாங்களும் ஆள் அனுப்பிப் பாத்தோம். மேட்டுக்கு அந்தாண்ட, பாலகாட் பக்கம் ரெண்டு கேட் வருது. நந்திதுர்க் பக்கம் பாதையே இல்ல, முள்ளுதான். அங்க கேட் வேண்டாம் அல்வா, சரிதானே?"

ஞானதாஸ் எட்மண்டைத் திரும்பிப் பார்த்தார். எட்மண்ட் கூரையைப் பார்த்தார். சொன்னால், இத்தனை நாள் மறைத்த இடத்தைத் தானே காட்டிக்கொடுத்ததாகும். சொல்லாவிட்டால் பாதையை வேலி அடைத்துவிடும், ரெபேக்கா ரயிலை விடுவாள்.

"கேட்டுக்குப் பூட்டு உண்டா?" என்றார்.

ஷைலஜா கேட்டுச் சொன்னாள். "பூட்டும் போட்டுப் பாத்தாங்களாம். அதையும் அப்பா உடைச்சாராம். இப்போ பூட்டே கிடையாதாம்."

ஞானதாஸ் தொண்டையைக் கனைத்தார். "பாதை கீது."

"எங்க தாத்தா? எங்க ஆளுங்க பாத்தாங்களே?"

"அவங்க பாத்தது முள்ளு. போட்டது நானு."

"அய்யய்யோ, நீயா?" என்றார் எட்மண்ட்.

"இவனும்தான்."

கூடம் அதிர்ந்தது. சிரிப்பு அடங்கியதும் ஞானதாஸ் சொன்னார்: "பேப்பர்ல வரையாதீங்க. காலைல ரயில் நேரத்துக்கு வந்து, நடக்கறவங்கள கண்ணால பாத்துட்டு அப்புறம் வரைங்க."

வந்தார்கள். விடிந்தும் விடியாமல் லைன் ஜனம் டிபன் பையோடு சாரைசாரையாகப் போயிற்று. ரெபேக்கா நடையை நிறுத்தாமல், "இன்னா நைனா, வேலிய இங்க போடப் போறாங்களா?" என்றாள்.

"கேட்டு போடப் போறாங்களாம். நீ ஓடு, ரயில் வந்துடும்."

ஷைலஜா பாதையின் இரண்டு முனையிலும் சுண்ணாம்பால் கோடு இழுத்தாள். ஞானதாஸ் அது நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு ஹன்னாவைக் காட்டிக் கேட்டார்: "இவங்க நைனா இப்ப எந்த வழியா போறாரு?"

"கேட் வழியாத்தானாம். ஆனா கட்டிங் பிளேயர் இன்னும் பையிலேயே இருக்காம்."

ஞானதாஸ் வாய்விட்டுச் சிரித்தார். ஹன்னா ஓரத்தில் கிடந்த முள்குவியலைக் காட்டி, எரித்துவிடலாமா என்பதுபோல் கையசைத்தாள்.

"அது கெடக்கட்டும்" என்றார் ஞானதாஸ். "மொதல்ல கேட்டு வரட்டும்."